அருவிப்புறத்துக் கல்

அகத்திய மலையில் தோன்றி மேற்கு நோக்கி ஓடும் நெய்யாறு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தை வளப்படுத்துகின்றது. அவ்வட்டத்தைச் சேர்ந்த பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்த கோடு மக்களின் நாவைப் பிரித்துவிடவில்லை. இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் இன்றும் அடுத்தடுத்துக் கேட்கின்றன.

உழைப்பவனுக்கு மனநிறைவு எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு இவ்வாற்றங்கரை ஒரு விடை தந்திருக்கின்றது. உள்ளதைக் கொண்டு அமைதி அடைக என்பது பழைய அறிவுரை. ஆனால், வயலில் விளைந்த நெல் கோயிலுக்குள் செல்லலாம், அதை விளைவித்தவன் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில், அந்த அறிவுரை அவனுக்கு எவ்வாறு ஆறுதல் அளிக்கும்? அது மனநிறைவன்று, வாய்மூடி இருத்தலே அன்றோ?

செம்பழந்தியில் பிறந்து, குமரி நாட்டு மருத்துவாழ் மலையில் தவமிருந்த ஸ்ரீ நாராயண குரு, 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரி இரவில் நெய்யாற்றின் சங்கரன்குழி என்னும் கயத்தில் மூழ்கி ஒரு கல்லுடன் எழுந்தார். அருவிப்புறத்துப் பாறைமீது அதனைச் சிவலிங்கமாக நிறுவினார். சிற்பி செதுக்காத ஆற்றுக்கல் அது. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் கருத்தை அங்கே பொறிக்கச் செய்தார். திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது 1936இல்தான் என்பதை நினைத்தால், இச்செயலின் துணிவு விளங்கும்.

குருவின் நெறி கோயிலோடு நின்றுவிடவில்லை. அருவிப்புறத்துக் கோயிற் சபையிலிருந்து 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. மகாகவி குமாரன் ஆசான் அதன் முதற் செயலாளர். 1905இல் அந்த யோகம் கொல்லத்தில் கைத்தொழிற் பொருட்காட்சி ஒன்றை நடத்தியது. கள்ளை இறக்கவும் விற்கவும் குடிக்கவும் கூடாது என்று குரு வற்புறுத்தினார். பனையும் தென்னையும் ஏறிக் கள்ளிறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு இது எளிய சொல் அன்று. அன்றாடக் கஞ்சியைத் தொடும் சொல். ஆகவே ஒரு தொழிலை விடச் சொல்பவர் வேறு தொழில்களுக்கு வழிகாட்டவும் வேண்டும் என்பதை அவ்வியக்கம் உணர்ந்திருந்தது.

1928ஆம் ஆண்டு சனவரியில், கோட்டயம் நாகம்படத்தில், வர்க்கலைச் சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்ல அன்பர்கள் இசைவு வேண்டினர். யாத்திரையின் நோக்கம் யாதெனக் கேட்ட குரு, தாமே எட்டு நோக்கங்களை வகுத்தளித்தார். கல்வி, தூய்மை, இறைபக்தி, சங்க ஒற்றுமை, உழவு, வாணிபம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்பன அவை. இறைபக்தி ஒன்று, அதனைச் சூழ்ந்து நிற்பன நாட்டின் அன்றாட வாழ்வு. அவ்வாண்டு செப்டம்பரில் குரு மறைந்தார். அவர் மறைந்த பின் தொடங்கிய யாத்திரை இன்றும் டிசம்பர் இறுதியில் நடைபெறுகின்றது. மஞ்சள் உடுத்த அடியார்கள் வழிபாட்டோடு இந்த எட்டுப் பொருள்கள் பற்றிய சொற்பொழிவுகளையும் கேட்கின்றனர்.

நம்பிக்கை வேலையின் பளுவைக் குறைப்பதில்லை. மண்வெட்டியின் கனம் முன்போலவே இருக்கும். ஆனால், தன் கைக்கும் கடவுளுக்கும் இடையே தடையில்லை என்று அறிந்தவன் அதே மண்வெட்டியை நிமிர்ந்து எடுக்கின்றான். தன் மகன் பள்ளி செல்வான், தன் விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டு செல்லலாம் என்று எண்ணும்போது அவன் முகம் மலர்கின்றது. நேயர்கள் பாறசாலை வழியே செல்ல நேருங்கால், சற்றே விலகி அருவிப்புறம் சென்று, நெய்யாற்றிலிருந்து வந்த அந்தக் கல்லைக் கண்டு வருவார்களாக.