மாறினார்களா, மாற்றப்பட்டார்களா?

பள்ளித் தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை வருகின்றன. 'மாறினார்கள்', 'மாற்றினார்கள்', 'மாற்றப்பட்டார்கள்'. மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தென்காசிப் பக்கம் மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள், படிப்பவர் மனத்தில் தைக்கும்படி எழுதப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்கிறார்கள். இந்த இலக்கணத்திலிருந்து தொடங்குங்கள் என்கிறோம். பாட நூல் வேண்டாம், மீனாட்சிபுரம் போதும்.

சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் குற்றால அருவி, சாரல், குறவஞ்சி, காசி விசுவநாதர் கோயில் கோபுரம் என்று எழுதுவார்கள். அதே வட்டாரத்தில்தான் 1981 பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. மீனாட்சிபுரம் ரகமத் நகர் ஆனது. நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. வாஜ்பாய் நேரில் வந்து பார்த்தார். வளைகுடாப் பணம் புகுந்துவிட்டது என்ற கூச்சல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

'மதம் மாற்றப்பட்டார்கள்' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் அடுத்து எழும் கேள்வி 'யாரால்?' என்பதுதான். பதில் தயாராக இருக்கிறது: பணத்தால், வெளிநாட்டால், முல்லாக்களால். 'மாறினார்கள்' என்று எழுதினால் கேள்வியே வேறு: 'ஏன்?' அதற்குப் பதில் சொல்லத் தேநீர்க்கடைத் தனிக்குவளைக்கும், ஆதிக்க சாதித் தெருவுக்கும், அதற்கு முன் நடந்த கொலை வழக்கை ஒட்டித் தலித்துகள் வாங்கிய போலீஸ் அடிக்கும் போயாக வேண்டும். ஒரு விகுதி விசாரணையின் திசையையே திருப்பிவிடுகிறது. மாறியவர்களில் படித்தவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள் உண்டு. சமூகவியலாளர் மும்தாஜ் அலி கான் அந்த மக்களிடமே போய் ஆராய்ந்து 1983இல் நூலாக வெளியிட்டார். மேடையில் கத்தியவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வியை ஒளிக்கக் கூடாது என்பதும் பிள்ளைகளுக்குப் பழக வேண்டும். பணத்துக்காக மாறினார்களா? கேள்வியை அப்படியே எழுதிவிட்டு, 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையைப் பக்கத்தில் வையுங்கள். 1981இல் அந்த ஆணைப்படி இந்துக்களும் சீக்கியர்களும் மட்டுமே பட்டியல் சாதியாக இருக்க முடியும். இஸ்லாத்துக்குப் போனவர் பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் விட்டுவிட்டுத்தான் போனார். உணர்ச்சியாகப் பத்து வரி எழுதுவதைவிட இது வேலை செய்யும். அதே நேரம் 'ஊரே மாறியது' என்று எழுதும் மாணவரை நிறுத்துங்கள். மாறாத குடும்பங்களும் இருந்தன. அவற்றில் ஒன்றைக் காட்டினாலே எதிராளி முழுக் கட்டுரையையும் தள்ளிவிடுவார்.

இது நமக்குப் புதிய கலையும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். பிறர் வசவாக வீசிய சொல்லை எழுவாயாக்கிக்கொண்டார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, பதவிகளை உயர்சாதியினரே பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்த்து, 3,412 கையெழுத்துகளோடு லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அந்த எண்ணும் ஒரு வாதம். நம் பள்ளிகளிலோ மனு என்றாலே 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதப் பழக்குகிறோம். அந்தத் 'தாழ்மை'யை எடுத்துவிட்டால் மனு ஒன்றும் செல்லாமல் போய்விடாது.

மீனாட்சிபுரத்தில் தலித்துகளின் முடிவை மறைத்த அதே 'பட்டார்கள்', வன்கொடுமைச் செய்திகளில் அடித்தவரை மறைக்கிறது. 'தலித் இளைஞர் தாக்கப்பட்டார்.' 'தனிக்குவளை வைக்கப்பட்டிருந்தது.' அடுத்த வகுப்புக்கு ஒரு வாரச் செய்தித்தாள்களைக் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பிள்ளைகள் அடிக்கோடிடட்டும். செய்தியின் உள்ளே பெயர், பதவி, சாதி இருக்கிறதா என்று தேடி, செய்தவரை எழுவாயாக வைத்துத் திருப்பி எழுதட்டும். உள்ளேயும் இல்லையென்றால் அந்த இடத்தில் 'யார்?' என்று மட்டும் எழுதி, ஆசிரியருக்குக் கடிதமாகவே அனுப்பட்டும். உறை, தபால்தலைச் செலவு நம்முடையது.