கழுத்தில் சின்னக் கட்டி... உடனே ஆபரேஷன் தேவையா?

கோவைப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "ஏனுங்க, மாஸ்டர் செக்கப் பண்ணிட்டீங்களா?" என்று யாராவது கேட்கும் காலம் இது. நல்ல விஷயம்தான். ஆனால், பேக்கேஜோடு சேர்த்து எடுத்த கழுத்து ஸ்கேனில் 'சிறு கட்டி' என்று வந்தால்? பதறாதீங்க. முதலில் 'ஓவர் டயக்னோசிஸ்' என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது தவறான ரிப்போர்ட் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோய் செல்தான். ஆனால், ஆயுசு முழுக்க எந்தத் தொல்லையும் தராமலே இருந்திருக்கும். கண்டுபிடித்ததால் மட்டுமே ஒருவர் நோயாளி ஆகிவிடுகிறார்.

கொரியா கற்ற பாடம்

தென்கொரியாவில் 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் தைராய்டு இல்லை. ஆனால், மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனையும் எடுத்தன. விளைவு, 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ஐவிட 15 மடங்கு! இறப்பு விகிதமோ ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. தைராய்டை முழுவதும் எடுத்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் பாதிப்பு, கால்சியம் குறைபாடு. 2014-ல் மருத்துவர்களே வெளிப்படையாக எச்சரித்த பிறகு, ஆபரேஷன்கள் குறைந்தன.

'ஆரம்பநிலை' என்றால்?

ஆரம்பநிலை எல்லாமே கட்டாயம் முற்றும் என்று அர்த்தமில்லை. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும், ஆபத்து குறைந்த தைராய்டு கட்டிகளை 1993 முதல் ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்துவருகிறது. பெரும்பாலானவை வளரவில்லை. 2016-ல் சர்வதேச நிபுணர் குழு, ஒருவகை தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து 'கேன்சர்' என்ற சொல்லையே நீக்கியது.

அப்போ டெஸ்ட்டே வேண்டாமா?

அப்படி இல்லைங்க! கர்ப்பப்பை வாய், வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழக அரசு 2023-ல் ஈரோடு, திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் இந்த மூன்றுக்கும்தான். கழுத்தில் வளரும் கட்டி, குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மருத்துவரிடம் கேளுங்கள்

* கட்டி எத்தனை சென்டிமீட்டர்?
* ஊசி மூலம் செல் எடுத்துப் பார்ப்பது இப்போதே தேவையா?
* ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதுமா?
* ஆபரேஷன் என்றால் பாதி தைராய்டா, முழுசா?

இந்தக் கேள்விகளைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகப்படுவது ஆகாது. உங்கள் கழுத்து, உங்கள் முடிவு. நிதானமாக எடுங்கள்!