மன்னார்ப் புகையிரதமும் வண்டி மாற்றமும்

மாதோட்டம் பண்டைநாளிற் பெருந்துறையாய் விளங்கியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய திருக்கேதீச்சரம் அதன்கண் உள்ளது. கடல்வழி வந்தோர் தரைவழி செல்லுதற்கு இறங்கும் இடமாய் அமைந்தமையே அத்துறையின் சிறப்புக்குக் காரணமாகும். ஓர் ஊர்தியை விட்டு மற்றொன்றில் ஏறுதல், அன்றுதொட்டு மன்னார்க் கரையின் வரலாற்றோடு பிணைந்த செயலாம். முதுமையுற்ற பயணிகள் வண்டிகளை நீக்கிப் புதியன புகுத்தும் முயற்சி பல நாடுகளிலும் நிகழும் இக்காலத்தில், அவ்வரலாறு புகட்டும் பாடத்தை ஆராய்தல் பயனுடைத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்த தமிழகத் தொழிலாளர் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாய் மலைநாட்டை அடைந்தனர். கொள்ளைநோய்க்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் தொகை சிறிதன்று. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை இருப்புப்பாதையும், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்தும் தொடங்கின. சென்னையிற் பெற்ற ஒரே சீட்டுடன் கொழும்பு வரை செல்லுதல் இயல்வதாயிற்று. ஆயினும் வண்டி கடலைக் கடக்கவில்லை; பயணிகளே இறங்கி ஏறினர். கடலின்மீது பாலம் அமைந்திருப்பினும், வண்டி அப்படியே தொடர்ந்து சென்றிராது. தமிழகக் கரையின் பாதை மீற்றர் அகலமுடையது. இலங்கைப் பாதையோ ஐந்தரை அடி அகலமுடையது.

இலங்கையின் இயந்திரங்கள் காலத்தோடு மாறின. 1938ஆம் ஆண்டில் முதற் டீசல் வண்டித் தொடர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1950களில் பிரித்தானிய இயந்திரங்களும், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய இயந்திரங்களும் சேர்ந்தன. இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர், பின்னர்ப் பொது முகாமையாளராகிய பி. டி. றம்பால ஆவார். நீராவி இயந்திரம் இடையிடையே நின்று நீர் பெறவேண்டும். நீரருமை மிக்க வறண்ட வலயத்தில் அஃது எளிய காரியமன்று. டீசல் இயந்திரம் அவ்விடரைப் போக்கியது.

எனினும், புதிய இயந்திரம் வந்தமையால் மட்டும் பாதை நிலைபெற்றுவிடவில்லை. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 1980களில் அதுவும் நின்றது. 1990இற் போரினால் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. தண்டவாளங்கள் மறைந்தன, நிலையங்கள் பாழடைந்தன. இந்திய அரசின் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2013ஆம் ஆண்டில் மடு வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் அது திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் மன்னார் மக்கள் புகையிரதமின்றி வாழ்ந்தனர். அவர்கள் இழந்தது பழைய பெட்டிகளையன்று, தொடர்பையே.

மேலைநாட்டில் இன்று பரவிவரும் ஈரியக்க வண்டியின் பயனை இவ்விழப்பை நினைந்தே அளத்தல் வேண்டும். மின்கம்பியுள்ள பாதையில் அவ்வண்டி மேலிருந்து மின்னைப் பெறும். கம்பி முடியுமிடத்தில் தன் டீசல் இயந்திரத்தால் ஓடும். 2019ஆம் ஆண்டிற் கிழக்கு இங்கிலாந்தின் கிளைப்பாதைகளில் இத்தகைய வண்டிகள் பழைய டீசல் வண்டிகளுக்குப் பதிலாய்ப் புகுந்தன. பாதை முழுவதும் மின்மயமாகும்வரை காத்திராமல், பயணியை இடையில் இறக்காமல் கொண்டுசெல்லுதலே இதன் பெருநலன்.

இலங்கைப் புகையிரதப் பாதைகளுக்கு மின்கம்பி வாய்க்கவில்லை. ஆதலின், இரண்டு இயந்திரத்தின் சுமையைத் தாங்கும் இவ்வண்டி இங்கு உடனே பயன்தராது. ஆனால், கொழும்பைச் சூழ்ந்த பாதைகள் முதலில் மின்மயமாயின், மன்னார்ப் பயணி இடைவழியில் வண்டி மாறவேண்டிய நிலை மீண்டும் தோன்றும். அப்பொழுது ஈரியக்க வண்டி ஆடம்பரமன்று, நீதியாகும். மன்னார்த் தீவின் தென்கரையிற் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. 2020களில் அவை மின்னை நாட்டுக்கு வழங்கத் தொடங்கிய பின்னரும், அருகே ஓடும் புகையிரதத்துக்கு அம்மின்னாற் பயனில்லை. எதிர்க்கரையிலோ 2007இற் பாதை அகலப்படுத்தப்பட்டது. 2025இல் மின்வண்டி செல்லத்தக்க புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இருகரையின் பாதைகளும் இன்று ஒரே அகலமுடையன.

வண்டி முதுமையடைதல் இயல்பு. அதனை மாற்றுதலும் கடன். ஆயின், எவ்வண்டியை வாங்குவது என்னும் வினாவுக்கு முன், எவ்வூரார் இடைவழியில் இறக்கப்படுவர் என்னும் வினா எழவேண்டும். மன்னார்ப் பாதையின் நூறாண்டு வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.