பதினெட்டு அடியில் பதினாறு கட்டில்

எங்களில் ஒருத்தி கட்டடக்கலை படிக்கிறா. போன தவணை அவளுக்குக் கிடைத்த பயிற்சி இது: கண்டி நகருக்குள், பழைய கடைத்தெரு ஒன்றில், 18 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள காணியில் 16 பேர் தங்கக்கூடிய சின்ன விடுதி ஒன்றை வரைய வேண்டும். இரண்டு பக்கமும் பழைய கடைகளின் சுவர், யன்னல் வைக்க இடமில்லை. பின்பக்கம் நிலம் கீழே சரியுது. கூரை அயல்கூரைகளைத் தாண்டக் கூடாது. அளவுநாடா பிடிக்க ஆள் வேணும் என்று எங்களையும் இழுத்துக்கொண்டு போனா.

அளந்து முடித்து, பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போது தொடங்கிய கதை வீடு வந்தும் முடியவில்லை. 1988இல் கண்டி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மரபுரிமை வலயத்துக்குள் ஒருவர் நினைத்த மாதிரி கட்டிவிட முடியாது. ஆனா "உயர்த்தாதே" என்ற சொல் கண்டிக்குப் புதுசில்லை. 1660 முதல் கிட்டத்தட்ட இருபது வருசம் கண்டி ராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். சாதாரண சனம் மாடி கட்ட முடியாது, ஓடு போட முடியாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் கூரையைப் பார்த்தே ஆளின் தகுதியைச் சொல்லிவிடலாம்.

அன்றைய விதி மனுசரின் அந்தஸ்தைக் காப்பாற்ற, இன்றையது ஊரின் தோற்றத்தைக் காப்பாற்ற. இரண்டும் ஒன்றில்லை. இன்றைய விதி தேவை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். வாவிக்கரையில் பத்து மாடி எழும்பினால் தலதா மாளிகை எப்படித் தெரியும்? ஆனாலும் சின்னக் காணிக்காரருக்கு அந்த விதி கூடப் பாரம் என்பதும் உண்மைதானே. பெரிய காணி வைத்திருப்பவர் பக்கவாட்டில் பரவலாம், 18 அடிக்காரர் எங்கே போவார்?

இதற்கு ஒரு வழியும் நொக்ஸிடமே இருக்கு. பெரிய மனுசர் வீடுகள் எதிரெதிரே இரண்டு கட்டடம், இரண்டு பக்கமும் சுவரால் இணைத்து, நடுவில் சதுர முற்றம் என்கிறார். எங்கட நாற்சார் வீடு ஞாபகம் வருதா? வெளிச்சமும் காற்றும் தெருவிலிருந்து வராத இடத்தில் வானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அவளும் காணியின் நடுவில் முற்றத்தைத் திறந்தா. பின்சரிவில் தெருமட்டத்துக்குக் கீழே ஒரு தளம் இறக்கினா. மூன்று தளம் வந்தது, தெருவில் நிற்பவருக்குத் தெரிவது இரண்டுதான்.

சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அதோடு இறங்குவதைக் கண்டியில் முன்னமே செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். மினெட் டி சில்வா, 1918இல் இதே ஊரில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீடு மலைச்சரிவில் படிப்படியா இறங்கும். தும்பறைப் பாய் நெசவு, அரக்கு வேலை, சுடுமண் ஓடு என்று உள்ளூர்க் கைவேலையை அலங்காரத்துக்கு ஒட்டாமல் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவந்தவர். 1980களில் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே கண்டிய கலைச் சங்கத்தின் நிலையத்தை வடிவமைத்ததும் அவர்தான். தாழ்ந்த ஓட்டுக்கூரைகளோடு அது மாளிகையோடு போட்டி போடாமல் நிற்குது. 1998இல் அவர் இறக்கும்போது கையில் காசில்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.

எங்களைப் பிடித்தது அவருடைய வத்தபுளுவ வீட்டுத்திட்டம். 1958. சுமார் 250 வீடுகள். வரையத் தொடங்குமுன் குடிவரப் போகிறவர்களுக்குக் கேள்விக்கொத்து கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டார். பல இன, மத ஆட்களும் அயலவராக வந்த திட்டம் அது. நாட்டில் தமிழர் தாக்கப்பட்ட வருசமும் அதுவே என்பதை யோசிக்கும்போது அந்தக் கேள்விகள் இன்னும் கனமாகத் தெரியுது.

அங்கேதான் எங்களுக்கும் உறைத்தது. விடுதி யாருக்கு? பயிற்சித் தாளில் "பயணிகள்" என்று மட்டும் இருந்தது. நாங்கள் எல்லாரும் முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரரையே நினைத்திருந்தோம். கண்டி ராச்சியத்தில் நடந்து வந்த யாரும் இரவு தங்க அம்பலம இருந்தது. எங்கட 'அம்பலம்' என்ற சொல்லோடு உறவான சொல். கூரை, தூண், சாய்ந்திருக்க அரைச்சுவர் அவ்வளவுதான், கதவே கிடையாது. இன்றைக்கு ஹட்டனிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ உயர்தர வகுப்புக்கு வரும் பிள்ளை, ஆஸ்பத்திரியில் அம்மாவை விட்டுவிட்டு ராத்திரி நிற்க இடம் தேடும் மகள், இவர்களும் பயணிகள்தான். பத்துக்குப் பன்னிரண்டு லயன் காம்பராவில் வளர்ந்த எங்களில் சிலருக்கு, குறுகிய இடத்தில் எட்டுப் பேர் எப்படிப் படுப்பது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குறுகிய இடத்தில் ஒருத்தி தனியா இருந்து படிப்பது எப்படி என்பதுதான் தெரியாதது.

மினெட்டைப் பார்த்து நாங்களும் ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதி, வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் பதினொரு பெண்பிள்ளைகளிடம் கொடுத்தோம். கட்டில் அளவு பற்றி ஒருத்தரும் பெரிசா எழுதவில்லை. ராத்திரி வகுப்பு முடிந்து வரும்போது வாசலில் விளக்கு வேணும் என்று ஆறு பேர் எழுதினார்கள். அலுமாரிக்குப் பூட்டு, நாலு பேர். மழைக்காலத்தில் நனைந்த யூனிஃபோர்மை எங்கே காயப்போடுவது என்று எட்டுப் பேர்.

கண்டி மழை தெரியும்தானே. அவள் கீழ்த்தளத்தில் வரைந்திருந்த "கஃபே"யை அழித்துவிட்டு, முற்றத்தின் கூரை விளிம்புக்குக் கீழே, காற்றுப் படுகிற பக்கமா, மூன்று வரிசைக் கொடிக்கயிறு போட்டா.