சாயபு என்றால் தோழர்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் சில, தம் பிறப்பையே நம்மிடம் மறைத்து வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று ‘சாயபு’.

சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் மீன் வாங்கச் செல்லும் முஸ்லிமை இன்று ‘பாய்’ என்று அழைப்பார்கள். இந்துஸ்தானியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். முந்திய தலைமுறையினர் வாயில் பயின்றதோ ‘சாயபு’. ஒரு சமூகத்தை வேறு பிரித்துக் காட்டும் பெயர் என்றே பலரும் அதைக் கருதினர். உண்மை அதுவன்று.

அரபு மொழியில் ‘ஸுஹ்பத்’ என்றால் கூடியிருத்தல். கூடியிருப்பவர் ‘ஸாஹிப்’, அதாவது தோழர். கி.பி. 622இல், ஹிஜ்ரத்தின்போது, தவ்ர் குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் இருந்த ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களைத் திருமறை இச்சொல்லாலேயே குறிக்கிறது. யூசுஃப் (அலை) அவர்கள் சிறையில் தம்முடன் இருந்த இருவரை விளித்ததும் இச்சொல்லாலேதான். அவ்விருவரும் அப்போது வேறு வழிபாட்டினர் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ‘ஸஹாபா’ என்பதும் இதே வேரில் கிளைத்ததே. அதனை ‘நபித்தோழர்’ என்று அழகாகத் தமிழாக்கிக்கொண்ட நாம், ‘சாயபு’வும் அதன் உடன்பிறப்பே என்பதை மறந்தோம்.

தோழர் எவ்வாறு பிரபு ஆனார்? ஸாஹிப் என்பதற்கு ‘உடையவர்’ என்ற பொருளும் உண்டு. பாரசீகம் வழங்கிய அரசவைகளில் அப்பொருளே ஓங்கியது. பின்னர் வெள்ளைக்கார அதிகாரிகளும் ‘சாகிப்’ ஆயினர். ஆங்கில அரசு முஸ்லிம்களுக்குக் ‘கான் சாகிப்’ என்றும் இந்துக்களுக்கு ‘ராவ் சாகிப்’ என்றும் பட்டம் வழங்கியது. ஆயினும், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ள காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் (1896–1972) போன்றோரின் பெயரில் அது அன்பு கலந்த மரியாதையாகவே நிலைத்தது.

தமிழும் இவ்வகையில் வறியதன்று. ‘நண்ணுதல்’ என்றால் நெருங்குதல்; நெருங்கியவன் நண்பன். ‘சிநேகம்’ என்ற வடசொல்லுக்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருளுண்டு; ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. பாரசீகத்துத் ‘தோஸ்து’ சென்னைத் தெருக்களில் எல்லாச் சமயத்தார் நாவிலும் புரள்கிறது. வள்ளுவரோ நட்பின் நன்மை தீமைகளை ஆராய ஐந்து அதிகாரங்களை (79–83) ஒதுக்கினார். மொழிகள் வேறாயினும் அவை சுட்டும் பொருள் அண்மை ஒன்றே.

நன்மை செய்யப்பட வேண்டியோரைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் (வசனம் 36) வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோரை அடுத்து, ‘பக்கத்திலிருக்கும் ஸாஹிப்’ அதில் இடம்பெறுகிறார். வழிப்பயணத் துணைவர், உடன் தொழில் செய்பவர், வாழ்க்கைத் துணை என விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் விரிக்கின்றனர். பேருந்தில் நம் அருகே சிறிது நேரம் அமர்ந்திருப்பவருக்கும் நம்மீது உரிமையுண்டு என்பது இதனால் விளங்கும். அவர் எவ்வினத்தவர் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை.

ஆகவே, ஒருவர் நம்மைச் ‘சாயபு’ என்றழைக்கும்போது, தாம் அறியாமலே ‘தோழரே’ என்கிறார். அவர் பொருளறியாமல் அழைக்கலாம். பொருளறிந்த நாம் தோழராக நடந்துகொள்வதே அச்சொல்லுக்கு நாம் செய்யும் நீதியாகும்.