ஹெட்விக்கும் அவர் வழிவந்தோரும்: மாஸ், லைக்கன் ஆய்வை வளர்த்த மருத்துவர்கள்

தாவரவியல் படித்தவர் எவரும் ஃப்யுனேரியாவைக் கடந்துதான் வந்திருப்பார். ஈரச் சுவர்களிலும் தீ மூட்டி ஆறிய கரிநிலத்திலும் பச்சை விரிப்பாகப் படரும் மாஸ் அது. அதன் முழுப்பெயர் ஃப்யுனேரியா ஹைக்ரோமெட்ரிகா. பெயருக்குப் பின்னால் ‘ஹெட்வ்.’ என்றொரு சுருக்கம் அச்சாகியிருக்கும். தேர்வுக்கு அது தேவையில்லை என்பதால் அதைப் பெரும்பாலும் யாரும் நின்று பார்ப்பதில்லை. பெயரிட்டவரைக் குறிக்கும் சுருக்கம் அது. பெயரிட்டவர் ஜோஹன்னஸ் ஹெட்விக், நோயாளிகளைப் பார்த்துப் பிழைப்பு நடத்திய ஓர் ஊர் மருத்துவர். மாஸ்களையும் லைக்கன்களையும் பற்றிய அறிவியலின் முதல் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இத்தகைய மருத்துவர்களே வரிசையாக எதிர்ப்படுகிறார்கள். எந்த நோய்க்கு ஆகும் என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, இது எப்படி வாழ்கிறது என்று அவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகே அந்த அறிவியல் தன் காலில் நின்றது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவர்கள் இத்துறைக்கு வந்தது தற்செயல் அல்ல. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தாவரவியலுக்குத் தனி வீடு கிடையாது. அது மருத்துவப் புலத்தின் ஓர் அறையில்தான் குடியிருந்தது. மருந்து பெரும்பாலும் செடியிலிருந்தே வந்ததால், செடியை அடையாளம் காண்பது மருத்துவப் படிப்பின் பகுதியாக இருந்தது. தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ்கூட 1735இல் பெற்றது மருத்துவப் பட்டமே. அவருடைய மாணவரான ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் முதலில் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடி சேகரித்தார். 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சோழமண்டலக் கரையின் தாவரங்களைத் தொகுத்தார். மருத்துவரே இயற்கை ஆய்வாளராகவும் இருப்பது அன்றைய வழக்கம்.

ஆனால் அந்த வழக்கம் பெரும்பாலும் பூக்கும் செடிகளோடு நின்றுவிட்டது. மாஸும் லைக்கனும் மருந்துப் பெட்டிக்குள் வந்தபோதும், உருவ ஒற்றுமையை நம்பியே வந்தன. நுரையீரலின் மேற்பரப்பைப் போலக் குழிகுழியாகத் தெரிந்த லோபாரியா என்ற லைக்கன் மூச்சுநோய்க்கு மருந்தாயிற்று. நாயின் பற்களை நினைவூட்டும் கூறுகளைக் கொண்ட பெல்டிஜெரா என்ற லைக்கன் மிளகோடு சேர்த்துப் பொடிக்கப்பட்டு, வெறிநாய்க்கடிக்கான மருந்தாக லண்டன் மருந்து நூலிலேயே இடம்பிடித்தது. வெறிநோய் கண்டவரை அப்பொடி காப்பாற்றியிருக்க வழியே இல்லை. செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்பதைத் தமிழ் வாசகர் இவ்விடத்தில் நினைவில் கொண்டால், பேசப்படும் உயிர் எது என்பது கண்முன் நிற்கும்.

இந்தச் சிற்றுயிர்களை அவற்றுக்காகவே பார்த்த முதல் பெரிய நூல் 1741இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்த ‘ஹிஸ்டோரியா மஸ்கோரம்’. அதை எழுதிய ஜோஹன் யாகோப் டில்லேனியஸ், ஜெர்மனியின் கீஸன் நகரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1721இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் தாவரவியல் பேராசிரியரானார். நூலின் 85 படத்தகடுகளையும் அவரே செதுக்கினார். மாஸ், ஈரல்செடி, லைக்கன், சில பாசிகள் எல்லாமே அந்நூலில் ஒரே குடும்பம்போல் அடுத்தடுத்து நிற்கின்றன. படங்களின் துல்லியம் இன்றும் வியப்பூட்டுகிறது. விளக்கத்தில்தான் பிழை நேர்ந்தது. மாஸின் காம்பு நுனியில் நிற்கும் பையை மகரந்தப்பை என்றும், அதிலிருந்து உதிரும் தூளை மகரந்தம் என்றும் அவர் கொண்டார். லின்னேயஸ் அக்கருத்தை ஏற்றார். மாஸ், லைக்கன், பெரணி, பூஞ்சை அனைத்தையும் மறைவில் மணம் புரிபவை என்ற பொருளில் தம் வகைப்பாட்டு முறையின் 24ஆம் வகுப்புக்குள் தள்ளினார். அவ்வளவு பெரிய பெயர் துணைநின்றதால் அந்தப் பிழை நாற்பது ஆண்டுகள் அசையவில்லை.

அதை அசைத்தவர் ஹெட்விக். 1730இல் டிரான்சில்வேனியாவின் குரோன்ஸ்டாட் நகரில், இன்றைய ருமேனியாவின் பிராஷோவில் பிறந்தவர். லைப்சிக்கில் படித்து 1759இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பித் தொழில் செய்ய நினைத்தவருக்கு ஆஸ்திரிய ஆட்சியின் விதி குறுக்கே நின்றது: வெளியே பெற்ற பட்டம் அங்கே செல்லாது. எனவே சாக்ஸனியின் கெம்னிட்ஸில் குடியேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே மருத்துவம் பார்த்தார். விடியற்காலையில் ஊருக்கு வெளியே போய்ச் செடி சேகரிப்பார். பகல் முழுவதும் நோயாளிகள். இரவில் சேகரித்தவற்றைப் பிரித்துப் பார்ப்பார். ஷ்ரேபர் என்ற தாவரவியலாளர் நூல்கள் தந்து உதவினார். ஒரு நுண்ணோக்கி வாய்த்த பிறகு அவருடைய ஆய்வு முழுவதுமாக மாஸின் பக்கம் திரும்பியது. பல்கலைக்கழகப் பதவியோ ஊதியமோ இல்லாமல் நடந்த வேலை இது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடைய முதன்மையான கண்டுபிடிப்புகள் பேராசிரியர் பதவி கிடைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன.

அவர் கண்டது என்ன? ஃப்யுனேரியாவின் இலைத்தண்டு நுனியை மெல்லப் பிரித்தால், இலைகளின் நடுவே விண்மீன் வடிவத்தில் ஒரு சிறு தட்டு தெரியும். அதில் கதாயுதம்போல் தடித்த நுண்ணிய பைகள் கூட்டமாக நிற்கும். முதிர்ந்த பை நீர் பட்டதும் நுனி திறந்து உள்ளிருப்பதை வெளியேற்றும். ஆண் உறுப்பு இதுவே என்றார் ஹெட்விக். இன்று ஆந்திரிடியம் என்று நாம் படிப்பது இதைத்தான். வேறு நுனிகளில் குடுவை வடிவில் கழுத்து நீண்ட உறுப்புகளைக் கண்டு, அவை பெண் உறுப்புகள் என்றார். அப்படியானால் டில்லேனியஸ் மகரந்தம் என்று சொன்ன தூள்? ஹெட்விக் அதை விதைத்துப் பார்த்தார். தூள்மணி ஒவ்வொன்றும் பச்சை இழையாக முளைத்தது. இழையிலிருந்து மாஸ் செடி எழுந்தது. மகரந்தம் முளைத்துச் செடியாகாது. வாதத்துக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இக்கண்டுபிடிப்புகளை விரித்துரைக்கும் நூல் 1782–83இல் லைப்சிக்கில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பூவா உயிர்களின் இனப்பெருக்கம் பற்றிய கேள்விக்குச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதெமி அறிவித்திருந்த பரிசும் அவருக்கே கிடைத்தது. அக்கட்டுரை 1784இல் அச்சானது. 1786இல் மருத்துவப் பேராசிரியர், 1789இல் தாவரவியல் பேராசிரியர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.

வகைப்பாட்டிலும் அவர் ஒரு புதிய அடையாளத்தைப் பிடித்தார். அந்தத் தூளான ஸ்போர்களைத் தாங்கும் காம்பு நுனிப் பையின், அதாவது ஸ்போர்ப்பையின், மூடி விழுந்ததும் வாயைச் சுற்றி வரிசையாக நிற்கும் பற்களை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஃப்யுனேரியாவில் வெளிவளையத்தில் 16, உள்வளையத்தில் 16. நம் மூச்சின் ஈரம் பட்டாலே அவை அசையும். காற்று உலரும்போது விலகி ஸ்போர்களை வெளியே விடும், ஈரமானால் மூடிக்கொள்ளும். பற்கள் எத்தனை, ஒற்றை வளையமா இரட்டையா, தனித்தனியா ஒட்டியவையா என்பவற்றை வைத்தே ஹெட்விக் பேரினங்களைப் பிரித்தார். அவர் 1799இல் இறந்த பிறகு மாணவர் ஷ்வேக்ரிஷன் பதிப்பித்த ‘ஸ்பீசியஸ் மஸ்கோரம்’ 1801இல் வெளிவந்தது. ஸ்ஃபேக்னம் நீங்கலாக மாஸ் பெயரிடலுக்குச் சட்டப்படியான தொடக்கம் இன்றும் அந்த நூல்தான். பூக்கும் செடிகளுக்கு லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூல் எப்படியோ அப்படி.

ஹெட்விக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். மாஸில் ஆண், பெண் உறுப்புகளைக் கண்ட மகிழ்ச்சியில் பூஞ்சையிலும் பெரணி இலையிலும் பூவின் உறுப்புகளையே தேடினார், அங்கெல்லாம் தவறினார். மாஸின் ஆண் உறுப்பிலிருந்து வெளியேறுவது நீரில் நீந்தும் இனச்செல் என்பதை 1834இல் ஸ்ஃபேக்னத்தில் தெளிவாகக் காட்டிய ஃப்ரான்ஸ் உங்கர், அப்போது ஆல்ப்ஸ் மலை ஊரொன்றில் மருத்துவராக இருந்தார். இலைத்தண்டும் ஸ்போர்ப்பையும் இரு வேறு தலைமுறைகள் என்ற முழு விளக்கம் 1851இல்தான் வந்தது. அதைத் தந்த ஹோஃப்மைஸ்டர் மருத்துவரல்லர், லைப்சிக்கில் புத்தக வணிகம் செய்தவர். ஹெட்விக் ஓய்வு நேரத்தில் தொடங்கியதை, அவர் நூல் வெளிவந்த அதே நகரத்தில் இன்னொருவர் ஓய்வு நேரத்தில் முடித்தார்.

லைக்கன்களின் கதை சுவீடனில் நடந்தது. லின்னேயஸ் லைக்கன்கள் மீது அக்கறை காட்டியவரல்லர். சுமார் 80 வகைகளை ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டு நகர்ந்தார். அவரிடம் ஆய்வேட்டை வாதிட்ட கடைசி மாணவர் எரிக் அக்காரியஸ். 1757இல் பிறந்த அவர் 1782இல் லுண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1785இல் வாட்ஸ்டேனா என்ற சிற்றூரின் மருத்துவரானார். 1795இல் அங்கே தொடங்கிய மருத்துவமனைக்குத் தலைவராகவும் பொறுப்பேற்றார். பால்வினை நோயாளிகளுக்கான மருத்துவமனை அது. ஆசான் தவிர்த்த லைக்கன்களை மாணவர் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1798 முதல் 1814 வரை நான்கு நூல்கள். ஒரே பேரினமாக இருந்தது 1810ஆம் ஆண்டு நூலில் ஏறத்தாழ 40 பேரினங்களாக விரிந்தது. தாலஸ், அப்போதீசியம், சொரீடியம் என்று இன்றும் லைக்கன் பாடத்தில் வழங்கும் கலைச்சொற்கள் அவர் நிலைநிறுத்தியவை. இருமல் மருந்தாக ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்ற ‘ஐஸ்லாந்து மாஸ்’ உண்மையில் மாஸ் அல்ல, லைக்கன். அதை செட்ரேரியா என்ற பேரினத்தில் வைத்தவரும் அவரே. அவர் அதை எழுதியிருக்கும் முறையில்தான் மாற்றம் தெரிகிறது: இருமலுக்கு ஆகும் என்பதால் அல்ல, கனியுறுப்பு எங்கே எப்படி அமைந்திருக்கிறது என்பதால் அது தனிப் பேரினமாகிறது.

இந்த மரபு நம் மலைகளை வந்து தொட்டது பிரெஞ்சு இராணுவ மருத்துவர் கமில் மோன்டாஞ் வழியாக. பதினான்கு வயதில் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போனவர். பிறகு மருத்துவம் படித்துப் படைமருத்துவரானார். 1832இல், 48 வயதில், ஓய்வுபெற்று எஞ்சிய முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளையும் மாஸ், லைக்கன், பூஞ்சை, பாசி ஆகியவற்றுக்கே கொடுத்தார். புதுச்சேரியில் தாவரவியலாளராக இருந்த பெரொத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து, 1842இல் நீலகிரியின் பூவாத் தாவரங்கள் பற்றிய ஒரு பட்டியலை வெளியிட்டார். சோலைமரங்களில் தொங்கும் லைக்கன்களும் மாஸ்களும் அறிவியலின் ஏட்டில் ஏறத் தொடங்கிய காலம் அது. மோன்டாஞ் நீலகிரியைப் பார்த்ததே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த பூஞ்சணத்துக்குப் பெயரிட்டவர்களில் இவரும் ஒருவர். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்துக்குக் காரணமான உயிர் அது. யாருக்கும் பயனில்லை என்று கருதப்பட்ட நுண்ணுயிர் ஆய்வில் கண் பழகிய ஒருவர் இருந்ததால்தான் அதை உடனே அடையாளம் காண முடிந்தது.

ஃபின்லாந்தின் வில்லியம் நைலாண்டர் 1847இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிஸில் லைக்கன்களோடு கழித்தார். 1866இல் அவர் இரண்டு வேலைகளைச் செய்தார். பொட்டாஷ் கரைசலையும் சலவைத்தூள் கரைசலையும் ஒரு சொட்டு லைக்கன் மேல் விட்டு, தோன்றும் நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் முறையை அறிமுகம் செய்தார்; இன்றும் ஆய்வாளர்கள் பைக்குள் அந்தக் கரைசல்களை வைத்துக்கொண்டே காட்டுக்குள் போகிறார்கள். அதே ஆண்டு, பாரிஸ் நகரின் பிற பகுதிகளில் அருகிப்போன லைக்கன்கள் லக்ஸம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் செழித்திருப்பதைக் கவனித்து, அவை காற்றின் தூய்மையை அளந்து காட்டுகின்றன என்று எழுதினார். மருந்தாக அல்லாமல் ஊரின் சுவாசத்தைச் சொல்லும் சான்றாக லைக்கன் மருத்துவச் சிந்தனைக்குள் மறுபடி நுழைந்த இடம் இது. பெல்டிஜெராப் பொடியோடு ஒப்பிட்டால் இம்மருத்துவர்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

மறு ஆண்டே, 1867இல், சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் லைக்கன் என்பது ஓர் உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டு என்று அறிவித்தார். நைலாண்டர் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1899இல் இறக்கும்வரை ஏற்கவில்லை. பல்லாயிரம் மாதிரிகளைத் தனித்தனி உயிர்களாகப் பார்த்துப் பெயரிட்ட ஒருவருக்கு அந்த முடிவு எவ்வளவு கசந்திருக்கும் என்பதை உணர முடிகிறது. ஆனால் சான்று ஷ்வென்டனர் பக்கமே இருந்தது. நைலாண்டரின் பெயர்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன: லைக்கனுக்கு இட்ட பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு உரியது என்று பெயரிடல் விதிகள் வகுத்துவிட்டன. அவருடைய தொகுப்பும் அக்காரியஸின் தொகுப்பின் பெரும்பகுதியும் இன்று ஹெல்சின்கியில் இருக்கின்றன. மோன்டாஞ் ஆராய்ந்த மாதிரிகள் பாரிஸில். நீலகிரி லைக்கன் ஒன்றின் பெயரை உறுதிசெய்ய விரும்பும் ஆய்வாளர் அந்தத் தொகுப்புகளிலுள்ள மூல மாதிரிகளோடுதான் அதை ஒப்பிட்டாக வேண்டும்.