ஏற்றுமதியா, உற்பத்தியா? டிரிப்ஸ் விலக்குத் தீர்மானத்தில் ஒரு பாடபேதம்

கொரோனா தடுப்பூசிக்காக, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸிலிருந்து விலக்குத் தேவையில்லை என்று வாதிட்டோரில் மியூனிக்கின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரெட்டோ ஹில்ட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதன்மையானவர்கள். 2021 மே 7ஆம் நாளிட்ட அவர்களது நிலைப்பாட்டு அறிக்கை சட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் எழுதியது. போகிறபோக்கில் ஒதுக்கிவிட முடியாதது. காப்புரிமைதான் தடை என்பதற்குச் சான்று போதாது. தடை எழுந்தாலும், காப்புரிமையாளரின் இசைவின்றி அரசே உற்பத்திக்கு அனுமதி தரும் கட்டாய உரிமம் என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. செய்நுட்பம் கைமாறாமல் உற்பத்தி பெருகாது. அவர்கள் வாதத்தின் சாரம் இதுவே.

மூன்றாவது கூற்றில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று முன்வைத்த மூல வரைவு காப்புரிமையோடு நின்றுவிடவில்லை. பதிப்புரிமை, தொழில் வடிவமைப்பு, வெளியிடப்படாத தகவல் ஆகிய மூன்றையும் சேர்த்தே விலக்குக் கேட்டது. விலக்கு ஒரு நிறுவனத்தின் இரகசியத்தைத் தானாக வாங்கித் தந்துவிடாது என்பது சரி. ஆனால் அதைப் பகிரச் சொல்லி ஓர் அரசு சட்டம் இயற்றினால், உலக வர்த்தக அமைப்பில் வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டியிருந்திராது. செய்நுட்பமே முக்கியம் என்று சொல்லிக்கொண்டு, வெளியிடப்படாத தகவல் பற்றிய அந்த வரியையும் எதிர்ப்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது கூற்று இன்னும் பலவீனமானது. ஏடுகளில் இருக்கும் வழியும் நடந்து போகக்கூடிய வழியும் ஒன்றல்ல. சொந்த உற்பத்தித்திறன் இல்லாத நாடு, வேறொரு நாட்டின் கட்டாய உரிமத்தின் வழியே மருந்தை இறக்குமதி செய்துகொள்ளும் ஏற்பாடு 2003 ஆகஸ்ட் 30 அன்று உருவாயிற்று. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31 பிஸ் பிரிவாக அது நிலைபெற 2017 ஆயிற்று. இதன்படி மருந்து உண்மையில் போனது ஒரே ஒரு நாட்டுக்குத்தான். ருவாண்டா 2007 ஜூலையில் அறிவிக்கை கொடுத்தது. கனடாவின் அப்போடெக்ஸ் தயாரித்த எச்.ஐ.வி. மாத்திரைகளின் முதல் தவணை 2008 செப்டம்பரில்தான் புறப்பட்டது. பதினான்கு மாதம். கொள்ளைநோய்க் காலத்தில் பதினான்கு மாதம் என்றால் என்ன பொருள்? 49 வசதியான நாடுகளில் 3.9 கோடி ஊசி போடப்பட்டிருக்கிறது, மிக ஏழ்மையான ஒரு நாட்டில் வெறும் 25 என்று 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது 25 இலட்சம் அல்ல, இருபத்தைந்து.

ஹில்ட்டி குழுவின் அறிக்கை வெளியான சில நாட்களிலேயே இந்த வழி சோதிக்கப்பட்டது. கனடாவின் பயோலைஸ் நிறுவனத்திடமிருந்து ஜான்சன் தடுப்பூசி 1.5 கோடி தவணை வேண்டுமென்று பொலிவியா முறைப்படி அறிவித்தது. கனடாவின் காப்புரிமைச் சட்ட அட்டவணையில் அந்தத் தடுப்பூசியின் பெயர் ஏறினால்தான் உரிமம் கேட்கவே முடியும். பெயர் ஏறவில்லை, ஊசியும் போய்ச் சேரவில்லை. வழி இருந்ததென்று இதற்குப் பிறகும் சொல்வது கடினம்.

விலக்குக் கோரிக்கைக்கு விடையாக, 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு நிறைவேற்றிய தீர்மானத்தில் பதிப்புரிமையும் தொழில் வடிவமைப்பும் உதிர்ந்துபோயிருந்தன. எஞ்சியது, சாரத்தில், தடுப்பூசிக் காப்புரிமை மட்டுமே. இது பலரும் எழுதிய செய்தி. நான் நிறுத்திப் படிக்க விரும்புவது அதன் முதல் அடிக்குறிப்பை.

எந்த நாடுகளுக்கு விலக்கு என்று சொல்லும் அந்தக் குறிப்பின் மூன்று பாடங்களை ஒப்பிடலாம். 2022 மார்ச்சில் கசிந்த, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நால்வரின் வரைவு, 2021இல் உலகத் தடுப்பூசி ஏற்றுமதியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக அனுப்பிய வளரும் நாடுகளுக்கே விலக்கு என்றது. பெயர் சொல்லாவிட்டாலும், அந்தக் கோட்டைத் தாண்டிய வளரும் நாடு சீனா மட்டுமே. மே 3இல் சுற்றுக்கு வந்த வரைவில் அடைப்புக்குறிக்குள் ஒரு மாற்றுத்தொடர் சேர்ந்தது: தடுப்பூசியை ‘ஏற்றுமதி’ செய்யும் திறனுள்ள வளரும் நாடுகள் விலகிக்கொள்ள ஊக்குவிக்கப்படுகின்றன. இறுதிப் பாடத்தில் ‘ஏற்றுமதி’ இல்லை. தடுப்பூசியை ‘உற்பத்தி’ செய்யும் திறன் ஏற்கெனவே உள்ள நாடுகள், இதைப் பயன்படுத்தமாட்டோம் என்று கட்டுப்படுத்தும் உறுதிமொழி தர ஊக்குவிக்கப்படுகின்றன.

இந்த ஒரு சொல்லில்தான் பொருள் புரண்டது என்பது என் துணிபு. ஏற்றுமதி என்ற அளவுகோல் சீனாவைக் குறிவைத்தது. உற்பத்தி என்ற அளவுகோலோ விலக்கைக் கேட்ட இந்தியாவையும், கெபெராவில் ஆஸ்பென் ஆலையில் ஊசிமருந்தைக் குப்பியிலடைத்த தென்னாப்பிரிக்காவையுமே தொட்டுவிடக்கூடியது. விலக்கைப் பயன்படுத்த வல்லவர் யாரோ, அவரையே ஒதுங்கச் சொல்கிறது அடிக்குறிப்பு. ஏழை நாட்டுக்கு ஊசி வரவேண்டிய கிணறு எதுவோ, அதன் மீதே மூடி.

எதிர்வாதம் உண்டு. அந்த அடிக்குறிப்பே, எடுத்துக்காட்டாக, 2022 மே 10 அன்று உலக வர்த்தக அமைப்பின் பொதுமன்றக் கூட்டத்தில் சொல்லப்பட்ட உறுதிமொழியைச் சுட்டுகிறது. அது சீனா தந்தது. ஆகவே குறி இறுதிவரை சீனாதான், சொல் மட்டுமே அகன்றது என்று ஒருவர் வாசிக்கலாம். மே 3க்கும் ஜூன் 17க்கும் இடைப்பட்ட ஆறு வாரங்களில் எந்த அமர்வில் சொல் மாறியது என்பதை அறுதியிட முடியாத நிலையில், நோக்கம் பற்றிய என் வாசிப்பு ஊகமே. ஆனால் சட்டப் பாடம் எழுதியவர் மனத்தில் நிற்பதில்லை, எழுதிய சொல்லில் நிற்கிறது. சொல் ‘உற்பத்தி’ என்கிறது.

‘ஏற்கெனவே உள்ள திறன்’ என்பதற்கும் வரையறை இல்லை. செங்கல்பட்டில் ஒன்றிய அரசின் பொதுத்துறை கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கொள்ளைநோயின் உச்சத்தில் இயங்காமல் கிடந்தது. 2021 மே மாதம் நேரில் பார்த்த முதல்வர் மு.க. ஸ்டாலின் அதை மாநிலத்திடம் தரக் கேட்டார். கட்டடமும் கருவியும் இருந்தன, உற்பத்திதான் நடக்கவில்லை. அத்தகைய ஆலை இருக்கும் திறனில் சேருமா, சேராதா? தீர்மானத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூனில் முடிகிறது. அதற்குள் எவரேனும் இதைப் பயன்படுத்த முற்பட்டால், முதலில் எழும் வழக்கு இந்தச் சொல்லைப் பற்றியதாகவே இருக்கும்.